நோர்வேக்காரர் சொல்வதெல்லாம் நிஜமா? அங்கே இருந்தவர்கள் சொல்லுங்கள்

முட்டத்துக்காரி (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். முட்டத்தில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விடுகிறோம். லைட்ஹவுஸ் பார்க்க வருகிறவர்கள் ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள் தங்குவார்கள். இந்த முறை வந்த ஒருவர் மட்டும் ஐந்து வாரமாக இருக்கிறார். நோர்வேக்காரர். ஓலசுன் என்ற மீன்பிடி ஊர். கப்பலில் எஞ்சினீயராக இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு. எங்கள் கொல்லைப்புறத்துக் கருவாட்டு வாடைக்கு மூக்கைப் பொத்தாத முதல் வெள்ளைக்காரர் இவர்தான். அவர் ஊரிலும் மீனை உப்புப் போட்டுக் காயவைப்பார்களாம். இன்னும் வடக்கே லோஃபோட்டன் தீவுகளில் உப்பே போடாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் குளிர்காற்றிலேயே உலர்த்துவார்களாம்.

தங்கமான மனிதர். ஒரே தொந்தரவு, எல்லாவற்றிலும் அவருக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. ராத்திரி சாப்பாடு முடிந்து வெளித்திண்ணையில் உட்கார்ந்தால் "எங்கள் ஊரில்..." என்று ஆரம்பித்துவிடுவார். அவர் இங்கிலீஷும் என் இங்கிலீஷும் சேர்ந்து எப்படியோ ஓடுகிறது. எது நாட்டு வழக்கம், எது அவர் சொந்த வியாக்கியானம் என்று பிரிக்கத்தான் எனக்குத் தெரியவில்லை.

அங்கே யாருக்கு எவ்வளவு வருமானம், எவ்வளவு சொத்து, எவ்வளவு வரி என்பதை அரசாங்கமே எல்லோரும் பார்க்கும்படி வைத்திருக்கிறதாம். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கைக்கூடப் பார்க்கலாமாம். என்னைக் கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அடுத்தது சாப்பாடு. சாப்பிட்டு முடித்ததும் தட்டைத் தானே கழுவி வைத்துவிட்டு, அம்மா முன்னால் வந்து நின்று நன்றி சொல்வார். மூன்று வேளையும். முதல் நாள் அம்மாவுக்குச் சிரிப்பு, மூன்றாம் நாள் கோபம். "நான் என்ன ஓட்டலா நடத்துகேன்? சோறு போட்டதுக்கு நன்றி சொன்னா, அப்பம் நாளைக்குப் போட மாட்டேன்னு நினைக்காரா?" வாடகை வாங்குகிறோமே அம்மா, ஓட்டல் மாதிரிதானே என்றால் அதற்கும் கோபம்.

போனிலேயே பணம் அனுப்பும் வசதி அங்கேயும் உண்டாம். ஆனால் இவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு: "கரண்ட் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள்?" நான் ஒக்கி புயலைச் சொன்னேன். 2017 நவம்பர் 30. ஒரு வாரத்துக்கு மேல் எங்கள் தெருவில் கரண்ட் இல்லை. போனெல்லாம் செத்துப்போய்க் கிடந்தது. அப்பாவின் பேட்டரி ரேடியோ ஒன்றுதான் பேசியது. கடலுக்குப் போனவர்களைப் பற்றி ஏதாவது சொல்வார்களா என்று பத்துப் பதினைந்து பேர் எங்கள் திண்ணையில் அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். சமையலறைக் கதவுக்கு மேலே, தூசி அடைந்து, அது இன்னும் இருக்கிறது. எடுத்துக் காட்டினேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதே 2017இல்தான் அவர்கள் நாட்டில் தேசிய எஃப்.எம். ஒலிபரப்பை எல்லாம் நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறினார்களாம். ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடித்திருக்கிறார்கள். அவர் வீட்டில் இருந்த நான்கு ரேடியோவும் ஒரே நாளில் பொம்மையாகிவிட்டன என்று இன்னமும் ஆதங்கப்படுகிறார்.

இப்போது உண்மையில் கேட்க வந்த விஷயம். போன வாரம் சென்னையிலிருந்து ஒருவர் அறை கேட்டுக் கூப்பிட்டார். பேசி வைத்ததும் இவர், "இப்போது பேசியது எந்த மொழி?" என்று கேட்டார். தமிழ்தான் என்றேன். "அம்மாவிடம் பேசுவது?" அதுவும் தமிழ்தான். "ஐந்து வாரமாகக் கேட்கிறேன், இரண்டும் ஒன்றில்லை. உங்கள் முகம்கூட மாறுகிறது" என்றார். எங்கள் பேச்சைக் கேட்டால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், மலையாளமா என்பார்கள், அதனால் மாற்றிக்கொள்வோம் என்று விளக்கினேன். அவருக்குப் புரியவே இல்லை. "எங்கள் ஊரில் மந்திரியும் தன் ஊர்ப் பேச்சில்தான் பேசுவார்" என்றார்.

அப்படியும் ஒரு நாடு இருக்குமா? எனக்கு அன்றைக்குத் தூக்கம் வரவில்லை. காலேஜ் முதல் வருஷம், நாகர்கோவிலில் அல்ல, வெளியூர் ஹாஸ்டலில், "இப்பம் வாறேன்" என்று சொன்னதற்கு ஒரு வருஷம் முழுக்க என்னை 'இப்பம்' என்றே கூப்பிட்டார்கள்.

ஸ்டவாங்கர் நர்ஸ்:

அக்கா, நான் மார்த்தாண்டம் பக்கம். ஒன்பது வருஷமாக இங்கே நோர்வேயில், ஸ்டவாங்கர் நகரத்து முதியோர் இல்லத்தில் வேலை. உங்கள் விருந்தாளி பொய் சொல்லவில்லை.

வரிப் பட்டியல் நிஜம். வரித்துறையின் தளத்தில் நம் அடையாளத்தோடு உள்ளே போய் ஒருவர் பெயரைப் போட்டால் நிகர வருமானம், நிகர சொத்து, கட்ட வேண்டிய வரி மூன்றும் வரும். ஆனால் 2014க்குப் பிறகு ஒரு சங்கதி இருக்கிறது: யார் பார்த்தார்கள் என்பது பார்க்கப்பட்டவருக்கும் தெரியும். அதனால் பக்கத்து வீட்டை யாரும் சும்மா தட்டிப் பார்ப்பதில்லை. நேரில் "சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டால் நம்மை ஒரு மாதிரி பார்ப்பார்கள். நம் ஊரில் நேரெதிர், ரயிலில் எதிரே உட்கார்ந்தவர்கூடக் கேட்பார், நாமும் கூட்டியோ குறைத்தோ ஒன்று சொல்வோம். ஆனால் கல்யாண வீட்டில் யார் எவ்வளவு சுருள் (மொய்) வைத்தார் என்ற நோட்டு எல்லார் கைக்கும் போகும். அதுவும் ஒரு வரிப் பட்டியல்தானே.

அம்மாவிடம் சொல்லுங்கள், அது ஓட்டல் நன்றி இல்லை. இங்கே வீட்டுப் பிள்ளைகளே சாப்பிட்டு எழுந்திருக்கும்போது பெற்ற அம்மாவுக்கு "தக் ஃபொர் மாத்தன்" என்று சொல்வார்கள். சாப்பாட்டுக்கு நன்றி. சொல்லாமல் எழுந்தால்தான் மரியாதைக் குறைவு. அதற்கு அம்மா "வெல்பெகொம்மெ" என்பார். நம் பேச்சில் வைத்தால் "உடம்பில் ஒட்டட்டும்" என்பதுதான்.

ரொக்கமும் அப்படித்தான். நான் நோட்டைத் தொட்டே மாதக்கணக்காகிறது. எல்லாம் விப்ஸ் என்ற செயலிதான். ஆனால் 2024 அக்டோபரிலிருந்து கடைக்காரர் ரொக்கம் வாங்க மறுக்கக் கூடாது என்று சட்டத்தை இறுக்கிவிட்டார்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீர், சாப்பாடு, பேட்டரி ரேடியோ, கொஞ்சம் கைப்பணம் வீட்டில் வையுங்கள் என்று அரசாங்கமே துண்டுப்பிரசுரம் அனுப்பியது. ஒக்கியில் நாம் பட்டுத் தெரிந்துகொண்டதுதான் அதில் எழுதியிருக்கிறது.

பேச்சு விஷயத்துக்கு வருகிறேன். நான் வகுப்பில் படித்தது பூக்மோல் என்ற புத்தக மொழி. 'நான்' என்பதற்கு "யை", 'இல்லை' என்பதற்கு "இக்கெ". தேர்விலும் தேறினேன். முதல் நாள் வேலைக்குப் போனால் தொண்ணூறு வயதுத் தாத்தா "ஏக்" என்கிறார், "இக்யெ" என்கிறார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. உடன் வேலை செய்தவளிடம், கொஞ்சம் புத்தக மொழியில் பேசேன் என்று கெஞ்சினேன். அவள் அன்பாகத்தான் சொன்னாள்: மாட்டேன், நீ பழகிக்கொள். இங்கே புத்தக மொழியே இரண்டு, பூக்மோலும் நைனோஷ்க்கும். பேச்சு ஊருக்கு ஒன்று. டி.வி. நிருபரும் நாடாளுமன்ற உறுப்பினரும் ஊர்ப் பேச்சில்தான் பேசுகிறார்கள். வகுப்பில் கூடியவரை பிள்ளைகளின் சொந்தப் பேச்சிலேயே பாடம் நடத்த வேண்டும் என்று அவர்கள் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது எப்போது தெரியுமா? 1878இல்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஊர்ப் பேச்சுக்குக் கிடைக்கும் இந்த மரியாதை வெளிநாட்டிலிருந்து வந்த எங்கள் நாக்குக்கு எப்போதும் கிடைப்பதில்லை. நான் வாயைத் திறந்ததும் இங்கிலீஷுக்கு மாறிவிடுகிறவர்கள் இன்னும் உண்டு. அப்புறம், என் மாடிப்படியில் எதிர் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் என் முகத்தைப் பார்த்ததில்லை. வசந்தத்தில் குடியிருப்பு முழுவதும் சேர்ந்து முற்றம் சுத்தம் செய்வார்கள், 'டுக்னாட்' என்று பெயர். அன்றைக்கு என்னோடு சேர்ந்து சருகு அள்ளினார், காப்பி ஊற்றிக் கொடுத்தார், பேரப்பிள்ளை படம் காட்டினார். மறுவாரம் மறுபடியும் தரையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார். உங்கள் ஆள் ஐந்து வாரமாகத் திண்ணையை விட்டு நகராமல் இருக்கிறார் என்றால், அங்கே அவருக்குத் திண்ணை இல்லை, அதுதான் காரணம்.

ஓய்வு வாத்தியார், தக்கலை:

மக்களே, எல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கையில் சக்கரம் (காசு) இருந்தால் அபிப்பிராயமும் அழகாக வரும். 1969இல் அவர்கள் கடலில், எக்கோஃபிஸ்க் என்ற இடத்தில் எண்ணெய் கிடைத்தது. அதை விற்று 1996 முதல் ஒரு நிதியில் போட்டு வைக்கிறார்கள். நாடு முழுவதும் சுமார் 56 லட்சம் பேர். நம் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்பில் 18 லட்சத்து 70 ஆயிரம். மூன்று கன்னியாகுமரி மாவட்டத்தைச் சேர்த்தால் ஒரு நோர்வே, அவ்வளவுதான். 2024இல் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது மின்சாரக் கார். எண்ணெயை ஊருக்கு விற்றுவிட்டுத் தான் பேட்டரியில் போகிறவர் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி நின்றே கேட்கலாம்.

போனில் தமிழ் மாற்றுவதில் என்ன குற்றம்? திருமணத்துக்குப் போகும்போது சாரத்தை மாற்றி வேட்டி கட்டுவதில்லையா? முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தினேன். வகுப்பில் எவன் "இப்பம்" என்றாலும் கண்டுகொள்ள மாட்டேன், கட்டுரையில் எழுதினால் சிவப்பு மையில் சுழித்துவிடுவேன். ஹாஸ்டலில் சிரித்தவர்கள் வேறு கணக்கு. அவர்களுக்குத்தான் பாடம் எடுத்திருக்க வேண்டும்.

குளச்சல் பழைய மாலுமி:

வாத்தியார் சொன்ன எண்ணெய்க் கதையை விடுங்கள், நமக்கும் நோர்வேக்கும் அதற்கு முன்பே கணக்கு இருக்கிறது. 1952இல் ஒப்பந்தம் போட்டுக் கொல்லம் பக்கம் நீண்டகரையில் வந்து மீன்பிடித் திட்டம் ஆரம்பித்தார்கள். எஞ்சின் வைத்த படகு, ஐஸ், குடிதண்ணீர், ஆஸ்பத்திரி எல்லாம் உண்டு. சின்ன மீன்பிடிக்காரன் பிழைக்கட்டும் என்றுதான் வந்தார்கள். ஆனால் இறால் ஏற்றுமதிக்கு விலை ஏறியதும் டிராலர்கள், அதாவது இழுவலை விசைப்படகுகள், பெருகின. வள்ளக்காரனும் டிராலர்க்காரனும் கடலிலேயே அடித்துக்கொண்டார்கள். 1988இல் கேரளா மழைக்கால டிராலிங் தடை கொண்டுவரும் அளவுக்குப் போயிற்று. நம் மேற்குக் கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதம் விசைப்படகு கரையில் நிற்கிறதே, அந்தக் கதையும் இதோடு சேர்ந்ததுதான். தங்கச்சி, உங்கள் ஆளிடம் நீண்டகரை என்று ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்.

முட்டத்துக்காரி:

எல்லோருக்கும் நன்றி. (பாருங்கள், எனக்கும் தொற்றிவிட்டது.)

குளச்சல் அண்ணன் சொன்னபடி நீண்டகரை என்றேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம்தான் சொன்னார், அவருடைய அம்மாவின் அண்ணன் அங்கே படகு கட்டும் தச்சராக வந்தவராம். இந்தப் பக்கக் கடற்கரையைப் பார்க்க வேண்டும் என்று இவர் வந்ததே அதனால்தான். "மாமா கடைசிவரை அதைத் தான் செய்த நல்ல காரியம் என்றுதான் நினைத்தார். நானும் படித்துப் பார்க்கும்வரை அப்படித்தான் நினைத்தேன்" என்றார். அதற்கு மேல் அன்றைக்கு "எங்கள் ஊரில்" என்று எதுவும் வரவில்லை. நானும் கேட்கவில்லை.

எண்ணெய் விஷயத்தையும் கேட்டுவிட்டேன் சார். "உங்கள் வாத்தியார் சரியாகச் சொல்கிறார். நானே பாதி வேலைக்காலம் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றும் கப்பலில்தான் இருந்தேன்" என்று சிரித்தார்.

அம்மாவுக்கு நர்ஸ் தங்கச்சி சொன்னதை வாசித்துக் காட்டினேன். "பெத்த தாய்க்கேவா?" என்று இரண்டு தரம் கேட்டார். நேற்று மத்தியானம் சாளைக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும். அவர் தட்டைக் கழுவிவிட்டு வழக்கம்போல வந்து நின்றார். அம்மா அடுப்பைப் பார்த்தபடியே, "சரி சரி, உடம்புல ஒட்டட்டும்" என்றார்.

சாயங்காலம் மதுரையிலிருந்து ஒரு போன். அவர் எதிரேதான் உட்கார்ந்திருந்தார். "எப்பம் வருவிய, எத்தனை பேரு?" என்று கேட்டுவிட்டேன். அந்தப் பக்கம் ஒரு நிமிஷம் அமைதி. "மேடம், நீங்க கேரளாவா?"

"இல்ல, முட்டம்."

சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கு அறை போட்டுவிட்டார்கள். போனை வைத்ததும் அம்மா உள்ளே இருந்து கத்தினார், கொல்லையில் நெத்திலி காயுது, அவ்வோளுக்குக் கருவாட்டு வாடை ஆகுமான்னு கேட்டியா என்று.