பிறந்த வருடக் காசு: கைக்கு வந்ததும் நழுவியதும்

திருச்சி_85

என் வருடம் 1985. ஒரு ரூபாயில் பம்பாய், கல்கத்தா ஆலைகளில் அடித்த இரண்டும் கல்லூரி நாட்களிலேயே சேர்ந்துவிட்டன. வேண்டியிருந்தது ஹெச் என்று ஆலைக் குறி போட்டது. சில்லறைத் தட்டுப்பாட்டுக்காகப் பர்மிங்காமில் அடித்து வரவழைத்த கதை இங்கே எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை.

2006, அக்காவின் வளைகாப்பு. பெரியம்மா ஆரத்தித் தட்டோடு நிற்கிறார். மாமா சட்டைப் பையிலிருந்து நாலைந்து ரூபாய்க் காசுகளை அள்ளித் தட்டில் போட்டார். எல்லாம் சிவப்புத் தண்ணீரில் முங்கிவிட்டன, ஒன்று மட்டும் வெற்றிலை மேல் சாய்ந்து நின்றது. அந்த வெற்றிலையில்தான் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் 1985 பளிச்சென்று தெரிந்தது. அடியில் பொடிசாக ஹெச்.

சுற்றி முடிக்கும்வரை தட்டில் கை வைக்க முடியாது. மூன்று சுற்று. என் கண் காசை விட்டு நகரவில்லை. பெரியம்மா பொட்டு வைத்துவிட்டு வாசலுக்குப் போனார். அதே நேரம் பந்திக்கு இலை போடச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். ஐந்து நிமிடம் இருக்கும். ஓடி வந்து கேட்டால், "பிள்ளைகள்கிட்ட கொடுத்துட்டேன்டா, முட்டாய் வாங்கப் போயிருக்குதுங்க" என்கிறார். தெருமுனைப் பெட்டிக்கடைக்காரர் பாவம், டப்பாவைக் கவிழ்த்தே காட்டினார். 84 இருந்தது, 87 இருந்தது, 89ல் நேரு தலை இருந்தது. அது இல்லை. அதற்குள் யாருக்கோ சில்லறையாகப் போய்விட்டது.

பிற்பாடு ஒரு கண்காட்சியில் ஹெச் வாங்கிவிட்டேன், நல்ல நிலையில். ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த ஆரத்தித் தட்டுக் காசுதான் ஞாபகம் வருகிறது. உங்களுக்கும் இப்படி ஒன்று இருக்கும், எழுதுங்கள்.

காலணா

எனக்காக இல்லை, அப்பாவுக்காகத் தேடியது. அப்பா 1944. யுத்த காலத்துச் செம்புத் தட்டுப்பாட்டில் வந்த ஓட்டைக் காலணாவில் அந்த வருடம் உண்டு.

தேடவே வேண்டியிருக்கவில்லை. அத்தை இறந்தபின் அவருடைய தகரப் பெட்டியில் ஒரு துணிமுடிச்சு கிடைத்தது. பிரித்தால் நைந்துபோன கறுப்புக் கயிறு, அதில் கோத்தபடியே ஒரு காலணா. அப்பா குழந்தையாக இருந்தபோது அரைஞாணில் கட்டியிருந்ததாம். பாட்டி பத்திரப்படுத்தி, அத்தையிடம் வந்து, அங்கேயே தங்கிவிட்டது.

வருடம் தெரியாத அளவுக்குக் கறுத்திருந்தது. அப்பாவுக்குப் பளபளவென்று கொடுக்க வேண்டும் என்று ஆசை. கயிற்றை அறுத்தேன். புளி, உப்பு, பழைய பிரஷ், அரை மணி நேரம். 1944 தெரிந்தது, மேலே கிரீடம் தெரிந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அப்பா வாங்கிக் கட்டைவிரலால் ஓட்டையைச் சுற்றி ஒருமுறை தடவினார். திருப்பிப் பார்த்தார். "இது நம்ம காசு இல்லையேப்பா" என்றார். இல்லை, அதேதான், நான் தேய்த்தேன் என்றேன். "கயிறு எங்கே?" என்று மட்டும் கேட்டார். கயிறு அன்று காலையிலேயே குப்பை வண்டியில் போய்விட்டது.

மூணுபைசா66

திருச்சிக்காரர் வருத்தம் புரிகிறது. ஆனால் புதிதாகச் சேர்ப்பவர்கள் 1985 ஹெச்சை ஏதோ கிடைக்காத பொருள் என்று நினைத்துவிட வேண்டாம். தேடினால் கிடைக்கும், ரொம்ப விலை கொடுக்கத் தேவையில்லை. அதே 85ல் வேல்ஸ் நாட்டு லான்ட்ரிசன்டில் அடித்ததும் உண்டு, வருடத்தின் முதல் எண்ணுக்கு நேர் கீழே வைரக் குறி இருக்கும். பம்பாய்க் குறியும் வைரம்தான், அதனால் பம்பாய் என்று நினைத்துத் தள்ளிவிட்டீர்களா என்று ஆல்பத்தை ஒருமுறை பாருங்கள்.

என் கதை சின்னது. நான் 1966. என் வருட ஒரு ரூபாயை மூன்று வருடம் தேடினேன். 1991ல் சென்னையில் ஒரு நடைபாதை வியாபாரி, மூர் மார்க்கெட் எரிவதற்கு முன் அங்கே கடை வைத்திருந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அந்த வருஷம் ரூபாயே அடிக்கலை சார்" என்றார். 62க்கு அப்புறம் 64ல் நேரு தலை போட்டது, 69ல் காந்தி தலை போட்டது, நடுவில் கிடையாது. அறுகோண மூன்று பைசா ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். 1966. காசு வாங்க மறுத்துவிட்டார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

சரி, சொல்ல வந்தது இதுதான். காலணா நண்பர் செய்தது பெரிய தவறு. வெண்கலத்தில் படிந்த கறுப்பு அழுக்கு இல்லை, காசே போர்த்திக்கொண்ட தோல். புளி, எலுமிச்சை, திருநீறு, பற்பசை எதுவும் கூடாது. மண் ஒட்டியிருந்தால் சுத்தமான தண்ணீரில் ஊறவைத்து, தேய்க்காமல் பருத்தித் துணியில் ஒற்றி எடுங்கள். காசின் முகத்தில் விரல் படாமல் விளிம்பைப் பிடியுங்கள். பி.வி.சி. உறையில் போட்டால் சில வருடத்தில் பச்சையாகப் பிசுபிசுக்கும், அட்டை ஹோல்டர் வாங்குங்கள்.

ஆலைக் குறி: வருடத்தின் கீழே வைரம் பம்பாய், ஐந்துமுனை நட்சத்திரம் ஹைதராபாத், வட்டப் புள்ளி நொய்டா, ஒன்றும் இல்லாவிட்டால் கல்கத்தா. நொய்டா 1988ல்தான் தொடங்கியது, அதனால் 87ல் புள்ளி இருக்கிறது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். ஒரு சின்னக் காந்தம் பையில் இருக்கட்டும். 1962 ரூபாய் சுத்த நிக்கல், ஒட்டும். 1985 செம்பு நிக்கல் கலவை, ஒட்டாது. 92ல் வந்த எஃகு ரூபாய் ஒட்டும். 85 என்று சொல்லிக் கொடுத்தது காந்தத்தில் ஒட்டினால் வாங்காதீர்கள்.

இன்னொன்று, பழைய ஒரு ரூபாய்க்கு லட்சக்கணக்கில் தருகிறோம், முதலில் கமிஷன் கட்டுங்கள் என்று போன் வந்தால் உடனே வையுங்கள். ரிசர்வ் வங்கி தன் பெயரைச் சொல்லி இப்படி நடக்கிறது என்று 2021லேயே எச்சரித்தது.

மண்டபம்78

காந்தமும் உறையும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான் ஐயா. எனக்குச் சொல்ல இருப்பது இலங்கையின் ஐந்து சதக் காசு ஒன்றைப் பற்றி.

1978ல் பிறந்தேன், யாழ்ப்பாணப் பக்கம். அந்த வருடத்து அலுமினிய ஐந்து சதம், சதுரமாக, ஊதினால் பறக்கும் போல இருக்கும். அம்மம்மா எனக்கென்று ஒன்றை எடுத்து வைத்திருந்தா. 1990ல் படகேறியபோது என் பாவாடை மடிப்பில் வைத்துத் தைத்துவிட்டா. ராமேஸ்வரத்தில் இறங்கி, கையில் இருந்த இலங்கைக் காசை எல்லோரும் மாற்றினார்கள். ஐந்து சதத்தை யார் மாற்றுவார்கள், அதனால் அது என்னோடு தங்கிவிட்டது.

முகாமுக்குப் பக்கத்துப் பள்ளியில் என்னோடு இருந்த பிள்ளை ஒருத்திக்குக் காட்டினேன். வாங்கி வெயிலில் பிடித்துப் பார்த்தாள். "ஏய், இதுல தமிழ் எழுதியிருக்கு!" என்று கத்தினாள். வகுப்பு முழுக்கக் கைமாறிப் போய் வந்தது. இந்த ஊர் நாலணா, எட்டணா எதிலும் தமிழ் எழுத்து இல்லை என்பதை அன்றுதான் கவனித்தேன். எங்கள் காசில் இருந்தது, நாங்கள் படகில் வந்தோம். அதை அந்த வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இப்போதும் முழுதாகத் தெரியவில்லை.

காண்டாமிருகம்88

மூணுபைசா சார், நீங்கள் சொன்ன பராமரிப்பு எல்லாம் சரி. ஆனால் காலணா நண்பர் எழுதியது காசின் மதிப்பு போனதைப் பற்றி இல்லையே. அவர் அப்பா கேட்டது கயிற்றை. "பெரிய தவறு" என்று அவரிடம் சொல்லியிருக்க வேண்டாம். உங்களுக்கு அந்த நடைபாதை ஐயா அப்படியா பதில் சொன்னார்?

என் கதை 2011ல் நடந்தது. நான் அப்போது ஒரு வங்கிக் கிளையில் கேஷ் கவுண்டரில் இருந்தேன், வேலையில் சேர்ந்து சில மாதம்தான். நாலணா செல்லாது என்று அறிவித்து, மாற்றிக்கொள்ளக் கடைசி நாள் 2011 ஜூன் 29. மதியத்துக்கு மேல் ஒரு பாட்டி வந்தார், தலையில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் வைத்த கூடை. கீரை விற்ற காசாம். கவுண்டரில் கொட்டியபோது சத்தத்தில் மொத்தக் கிளையும் திரும்பிப் பார்த்தது.

நான்கு நான்காக அடுக்கினேன். பாதிக்கு மேல் காண்டாமிருகம் போட்ட எஃகு நாலணா. அந்தக் காசு முதலில் வந்த வருடமே 1988, என் வருடம். ஒன்று அப்போதுதான் அச்சிலிருந்து எடுத்தது மாதிரி இருந்தது, மிருகத்தின் தோல் மடிப்பு ஒவ்வொன்றும் தெரிந்தது. அதை எடுத்து நான் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. பாட்டி கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "புடிச்சிருந்தா எடுத்துக்க கண்ணு, நாலணாதானே" என்றார்.

என் பையிலிருந்து ஒரு ரூபாய் கொடுத்து எடுத்திருக்கலாம். கணக்கு, கேமரா, பின்னால் நின்ற வரிசை, எல்லாமாகச் சேர்ந்து, "வேண்டாம் பாட்டி, அப்படி எடுக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டேன். பாட்டி முகம் சட்டென்று சுருங்கியது. அவர் எனக்குக் கொடுத்தார், நான் ஏதோ லஞ்சத்தை மறுப்பதுபோல மறுத்திருக்கிறேன். எண்பத்தேழு ரூபாய் வந்தது. எண்ணிக்கூடப் பார்க்காமல் முடிந்துகொண்டு போனார். மூட்டை கட்டி சீல் வைத்தபோது அந்தக் காசும் உள்ளேதான் போனது.

மூணுபைசா66

காண்டாமிருகம்88 அம்மா, நீங்கள் சொன்னது சரி. காலணா நண்பர் என்னை மன்னிக்க வேண்டும். அந்தக் காசு இப்போது அப்பாவிடம்தான் இருக்கிறதா?

காலணா

மன்னிப்பெல்லாம் எதற்கு சார். அப்பாவிடம்தான் இருக்கிறது. மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார், இரண்டு வருடமாகிறது. போன வாரம் கண்ணாடி துடைக்க எடுத்தபோது பார்த்தேன், ஓட்டையைச் சுற்றி லேசாகக் கறுக்க ஆரம்பித்திருக்கிறது. அப்படியே மூடி வைத்துவிட்டேன்.