சினிமாவுக்கு வெளியே யாரைக் கேட்கலாம்?

கானாடுகாத்தான்காரன்: பிள்ளையார் நோன்புக்குப் பங்காளிகள் எல்லாரும் ஊருக்கு வருகிறோம். சாயங்காலம் வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், பாட்டுப் போடும் பொறுப்பு என் தலையில். சினிமாப் பாட்டு வேண்டாம். சொந்தமாக எழுதிப் பாடுகிறவர்கள், பேண்டுகள் சொல்லுங்கள். அப்பத்தாவுக்கும் பிடிக்க வேண்டும், அதுதான் சிக்கல்.

தேவகோட்டைத் தம்பி: அண்ணே, கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் பேண்டில் ஆரம்பியுங்கள். 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை. கானா, ராப், ராக் எல்லாம் கலந்து சாதியை நேருக்கு நேர் கேட்பார்கள். பங்காளிகள் நெளிவார்கள், நெளியட்டும். ராப் பாடகர் அறிவு அந்தக் குழுவில் பாடியவர்தான்.

பள்ளத்தூர் ஆச்சி: அப்பத்தாவுக்கு லா பொங்கல் பேண்டு. அதில் பாடும் அந்தோணிதாசன் தொண்டையைத் திறந்தாலே திருவிழா. மலேசியாவில் இருந்து சித்தப்பா வந்தால் யோகி பி போடுங்கள், தமிழ் ராப் அங்கேதான் முதலில் சூடு பிடித்தது. கபேர் வாசுகியைக் கூட்டத்தில் போட்டு வீணாக்காதீர்கள். எல்லாரும் படுத்த பிறகு முகப்புத் திண்ணையில் வரி வரியாகக் கேட்க வேண்டிய ஆள். இசையமைப்பாளர் டென்மாவோடு சேர்ந்து குரங்கன் என்ற பேண்டிலும் பாடியிருக்கிறார்.

கானாடுகாத்தான்காரன்: சரி ஆச்சி. அந்தோணிதாசனை இப்போதே போட்டுப் பார்த்தேன். "சத்தத்தைக் கூட்டுடா" என்கிறார் அப்பத்தா.