கடைக்குள் நாய், பூனை, மான்: திருகோணமலையில் எது சரிவருகிறது, எது பிழையாகிறது?

மத்திய வீதிக் கடைக்காரர்:

கண்ணாடிக் கதவில் நாய்ப் படம் போட்டுக் குறுக்கே கோடு இழுத்த ஸ்டிக்கரை ஒட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்று நினைக்கிற ஆக்கள் எங்கள் டவுனில் நிறையப் பேர். இங்கே கடைக்குள் வருகிற நாலுகாலில் நாலு வகை இருக்கிறது. கயிற்றில் வருகிற வளர்ப்பு நாய் ஒன்று. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெள்ளைக்காரர் பிஸ்கட் போட்ட பாவத்துக்கு அவர்கள் பின்னாலேயே கடைக்குள் நுழைகிற கடற்கரை நாய் இன்னொன்று. எலிக்காகக் கடைக்காரரே வைத்திருக்கிற பூனை மூன்றாவது. நாலாவது புள்ளிமான். ஸ்டிக்கர் முதலாவதை மட்டும்தான் நிற்பாட்டும். கரைச்சல் குறைந்ததும் அதுதான். அதனால் கடைக்குள் விடலாமா கூடாதா என்று வெறுமனே கை உயர்த்த வேண்டாம். உங்கள் தொழிலில் என்ன செய்தால் சரிவரும் என்று எழுதுங்கோ.

துணிக்கடைப் பக்கம்:

விடலாம், ஆனால் துணி தரையிலிருந்து இரண்டடிக்கு மேலே அடுக்கியிருந்தால் மட்டும். ஆண் நாய் காலைத் தூக்குவது நிமிர்ந்து நிற்கிற பொருளில். நிறுத்தி வைத்த திரைச்சீலை ரோல், உடுப்புப் பொம்மையின் கால், கவுண்டர் மூலை, இந்த மூன்றும்தான் வழமையாக நனையும். ஒன்று நனைத்த இடத்தை அடுத்தது மணந்து பிடிக்கும். சரியாகக் கழுவாத மூலை மாதக்கணக்கில் வரிசையாக நனையும்.

கழுவுகிற விதம் இதுதான். பழைய பேப்பரை நாலாக மடித்து மேலே வைத்து மிதியுங்கோ, ஈரத்தை அது உறிஞ்சட்டும். தேய்த்தால் டைல் இடுக்குச் சீமெந்துக்குள் இறங்கிவிடும். பிறகு பச்சைத் தண்ணீரும் சவர்க்காரத் தூளும். கடைசியாக வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி கலந்து ஊற்றி 10 நிமிடம் விட்டுத் துடையுங்கோ. அமோனியா மணக்கிற கிளீனர் வேண்டாம், நாயின் மூக்குக்கு அது சிறுநீர் மாதிரித்தான். ப்ளீச்சை நேரே சிறுநீரின் மேல் ஊற்றுவதும் கூடாது. இரண்டும் சேர்ந்தால் தொண்டையை எரிக்கிற வாயு கிளம்பும், ஏசி போட்டு மூடிய கடையில் அது விளையாட்டில்லை. பட்டுச் சேலையில் பட்டால் வினாகிரியும் வேண்டாம், அப்படியே ட்ரை க்ளீனுக்கு அனுப்புங்கோ.

வெளியூர்க்காரர் யோசிக்காத விஷயம் ஒன்று. கிண்ணியா, மூதூரிலிருந்து குடும்பமாக வந்து உடுப்பு எடுக்கிற ஆக்கள் நிறைய. இங்குள்ள முஸ்லிம்கள் பின்பற்றுகிற ஷாஃபி மத்ஹப் என்ற சட்டவழியின்படி நாயின் எச்சிலோ ஈர உடம்போ பட்ட துணியை ஏழு தரம் கழுவவேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்த தண்ணீரில். நாயும் துணியும் காய்ந்திருந்து உரசினால் அந்தக் கடமை இல்லை. ஆனால் நாயின் மூக்கு எப்போது காய்ந்திருக்கிறது? தொழுகைக்கென்று வாங்கப்போகிற சாரத்தில் மூக்குப் பட்ட பிறகு அதை மடித்துத் திரும்ப அடுக்கில் வைப்பது நேர்மையில்லை. மூக்குப் பட்டது நாய்க்காரரின் பில்லில் ஏறும் என்று வாசலிலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிடவேண்டும். முன்கூட்டிச் சொன்னால் ஒருவரும் கோபிப்பதில்லை. பிறகு சொன்னால்தான் சண்டை.

மிருக வைத்தியப் பக்கம்:

கடைக்காரர் தரையைப் பார்க்கிறார், நான் நாயைப் பார்க்கிறேன். ஊசித் தொடர் முடியாத, 4 மாதம் ஆகாத குட்டியைக் கடைத் தரையில் இறக்கவே வேண்டாம். குட்டிகளைச் சாகடிக்கிற பார்வோ என்ற வைரஸ், நோயுள்ள நாயின் மலத்தில் வரும். மலம் காய்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போன பிறகும் வைரஸ் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும், வெறும் சவர்க்காரத்துக்கு அசையாது. ப்ளீச் 1 பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு, 10 நிமிடம் காயாமல் நிற்கவேண்டும். அதுவும் அழுக்கை முழுக்கக் கழுவி எடுத்த பிறகுதான், இல்லையென்றால் ப்ளீச்சின் வலு அழுக்கிலேயே செத்துவிடும். குட்டியென்றால் கையில் தூக்கி வாருங்கோ.

கயிறு 4 அடியிலிருந்து 5 அடி போதும். இழுக்க இழுக்க நீளுகிற ரோல் கயிறு கடைக்குள் ஆகாது. ஆள் மாப்பெட்டிக்குப் பக்கத்தில் நிற்பார், நாய் மூலை திரும்பி அடுத்த வரிசையில் ஆரோ ஒரு பிள்ளையின் கையிலிருக்கிற பணிஸைப் பார்த்துக்கொண்டு நிற்கும். கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். நாலு விரல் நுழைந்தால் பின்வாங்கித் தலையை உருவிக்கொள்ளும்.

நாய்கள் வெளியில் சந்தித்தால் வளைந்து பக்கவாட்டில்தான் கிட்டப் போகும். மூன்றடி அகல வரிசையில் வளைய இடமில்லை, முகத்துக்கு முகம் முட்டும், கயிறும் இறுகும், அங்கேதான் குரைப்பு தொடங்கும். நாயைச் சுவர்ப் பக்கம் விட்டு நீங்கள் நடுவில் நடவுங்கோ. பில் போடுகிற இடத்தில் கவுண்டருக்கும் உங்கள் காலுக்கும் நடுவில் இருத்துங்கோ. உதட்டை நக்குகிறது, நித்திரை வராமலே கொட்டாவி விடுகிறது, தலையைத் திருப்பிக்கொண்டு கண் வெள்ளை தெரியப் பார்க்கிறது என்றால் அதற்கு இடம் பிடிக்கவில்லை, வெளியே கொண்டுபோங்கோ. வால் ஆடுகிறதே என்று கை நீட்டுகிற ஆக்கள் கவனம். உயர்த்தி விறைப்பாக ஆட்டுகிற வால் அழைப்பில்லை.

கடித்தால், ஏன் பல் கீறினாலும்கூட, ஓடுகிற பைப் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவவேண்டும், மணிக்கூட்டைப் பார்த்து. கோப்பித்தூள், மஞ்சள் ஒன்றும் அப்ப வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, விசர்நாய்க்கடி ஊசி இலவசம். நாயை அடித்துக் கொல்லவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். 14 நாள் கண்ணுக்கு முன்னால் இருக்கவேண்டும், அது உயிரோடு இருப்பதே பெரிய தகவல். நாய்க்காரரிடம் தடுப்பூசி அட்டை கேளுங்கோ, கடைசித் திகதி ஒரு வருடத்துக்குள் இருக்கவேண்டும். அட்டை இருக்கிறது என்பதற்காக ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விடவும் கூடாது.

பலசரக்குக் கடை:

பூனையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே! அரிசி மூட்டையில் படுக்கிற பூனையை வைத்துக்கொண்டு நாய்க்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறோம். பூனை இருக்கிற கடையில் சீனி, மா, பருப்பு எல்லாம் மூடியுள்ள வாளியில் இருக்கவேண்டும், வாய் திறந்த சாக்கில் அல்ல. நாயையோ பூனையையோ கடைக்குள் விடுகிறவர் முதலில் தேடவேண்டியது எலிப் பாஷாணத்தை. ராக்கைக்குக் கீழே போட்ட கட்டி இனிப்பாக மணக்கும். இரத்தம் உறையாமல் செய்கிற வகையென்றால் தின்றவுடன் ஒன்றும் தெரியாது, 3 முதல் 5 நாளில் பல்முரசு வெளிறி மூக்கால் இரத்தம் வரும். அதற்குள் எந்தக் கடையில் தின்றது என்றே மறந்திருப்பார்கள். 2 அங்குல பிவிசி குழாயில் ஒன்றரை அடித் துண்டு வெட்டி, நடுவில் கட்டியைக் கம்பியால் கட்டி, சுவரோரம் கிடத்துங்கோ. எலி போகும், நாயின் மூஞ்சி போகாது. பாஷாணம் தின்ற எலியைத் தின்கிற பூனையும் சாகும், அதனால் பூனை வைத்திருக்கிற கடைக்குப் பொறிதான் சரி.

மிருக வைத்தியப் பக்கம்:

அண்ணை சொன்ன குழாய் நல்ல யோசனை. ஒன்று சேர்க்கிறேன். தின்றது தெரிந்தால் பாஷாணப் பைக்கற்றையும் கையோடு கொண்டுவாருங்கோ. உறையாமல் செய்கிற வகைக்கு விற்றமின் கே1 இருக்கிறது, மற்ற வகைகளுக்கு அது வேலை செய்யாது.

சாப்பாட்டுக் கடை:

சுருக்கமாகச் சொல்கிறேன். சமைக்கிற இடம், கோப்பை கழுவுகிற இடம், பேக்கரியில் பாண் அடுக்குகிற தட்டுப் பக்கம், இங்கே நாயும் இல்லை பூனையும் இல்லை. பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் முதலில் கண் போவது அங்கேதான். வெளி விறாந்தையில் மேசை இருந்தால் அங்கே இருக்கட்டும். நாய்க்குத் தண்ணீர் வைக்கிறதற்குத் தனிக் கிண்ணம் வையுங்கோ, ஆக்களின் கோப்பை வேண்டாம். பரிமாறுகிற பொடியன் நாயைத் தடவினால் கை கழுவாமல் அடுத்த தட்டைத் தொடக்கூடாது.

உப்புவெளி விடுதிப் பக்கம்:

வெளிநாட்டு ஆக்கள் சிலர் நாயைக் கடைக்குள் கொண்டுவருவது தங்கள் ஊரில் சட்டப்படி அனுமதி என்று வாதாடுவார்கள். அமெரிக்காவில் இயலாமை உள்ளவர்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கடைக்காரர் கேட்கக்கூடிய கேள்வி இரண்டுதான். இயலாமை காரணமாக இந்த நாய் தேவையா? என்ன வேலைக்குப் பழக்கியது? மனத்துணைக்காக மட்டும் வைத்திருக்கிற நாய் அந்தச் சட்டத்தில் சேராது. அது அவர்களின் நாட்டுச் சட்டம், ஆனாலும் இரண்டு கேள்வியும் இங்கேயும் உதவும். பார்வையில்லாதவரை வழிநடத்துகிற நாயென்றால் எந்தக் கடைக்காரரும் கதவைத் திறந்து பிடிக்கத்தான் வேண்டும். அப்படிப்பட்ட நாய் வேலையில் இருக்கும்போது தடவாதீங்கோ, கூப்பிடாதீங்கோ, சாப்பாடு போடாதீங்கோ.

கடற்கரை நாய் வேறு கதை. அதற்குக் கயிறும் இல்லை, பொறுப்பாளியும் இல்லை. வாசலில் வைத்துச் சாப்பாடு போடுவதை விருந்தாளி நிற்பாட்டினால் நாளடைவில் அது நுழைவதை விட்டுவிடும்.

கச்சேரி (மாவட்டச் செயலகம்) பக்கம் வேலை:

அரச கந்தோர் விறாந்தைகளில் நாய் படுக்கிறதற்குக் காரணம் நிழலும் சோற்றுப் பார்சலும். பிடித்துத் தூரக் கொண்டுபோய் விட்டால் அந்த இடத்துக்குப் பக்கத்துத் தெரு நாய் வரும், அது ஊசி போடாததாக இருக்கும். இருக்கிற நாலைந்துக்கு ஊசி போட்டு, கருத்தடை செய்து, திரும்ப அங்கேயே விடுவதுதான் உருப்படியான வழி. காதில் சின்ன வெட்டு இருந்தால் கருத்தடை செய்தது என்று அடையாளம். கூடவே பாரமான மூடியுள்ள குப்பைத்தொட்டி, சாப்பாடு போட விரும்புகிறவருக்கு மதிலுக்கு வெளியே ஓரிடம், ஒரு நேரம்.

மான் பற்றி:

பிரட்றிக் கோட்டைப் பக்கமிருந்து பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் திரிகிற மான் மரக்கறிக் கடைக்குள் தலையை நீட்டுவது இங்கே புதினமில்லை. பாதுகாக்கப்பட்ட விலங்கு, அடிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் தெரியும். துரத்துவதும் அடிக்கிற மாதிரித்தான் என்பது பலருக்குத் தெரியாது. பயந்து ஓடி முட்டி மோதின மானுக்குத் தசை உள்ளே சிதையும். அன்றைக்கு நடந்து போகும், ஒன்றிரண்டு நாளில் எங்கேயாவது விழுந்து கிடக்கும்.

உள்ளே வந்துவிட்டால் முதலில் ஆக்களை ஒரு பக்கச் சுவரோரம் ஒதுக்குங்கோ, வாசல் பக்கம் வெறுமையாக இருக்கவேண்டும். ஃபேன், ரேடியோ நிற்பாட்டுங்கோ. மானின் குளம்புக்கு டைல் ஐஸ்கட்டி மாதிரி, வழுக்கினால் கால் அகலும், எலும்பு முறியும். வாசல் வரைக்கும் இரண்டு சாக்கை விரியுங்கோ. பிறகு ஒராள் மட்டும், கதவுக்கு எதிர்ப்பக்கமிருந்து, கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மெல்ல நடக்கவேண்டும். கண்ணாடிக் கதவு மூடியிருந்தால் அதற்கு அது வெளியாகத்தான் தெரியும், பாய்ந்துவிடும். இடுப்பளவு உயரத்தில் பேப்பர் ஒட்டிவிடுங்கோ. கொம்புள்ள ஆண் மானென்றால் தலை குனிந்த நேரத்தில் முன்னால் நிற்க வேண்டாம். காயம்பட்டு எழும்பாவிட்டால் ஈரச் சாக்கால் கண்ணை மூடிவிட்டு வனஜீவராசிகள் திணைக்களத்துக்குச் சொல்லுங்கோ, தூக்க முயல வேண்டாம்.

பொலித்தீன் பையோடு கழிவு மரக்கறியை வாசலில் வைக்கிற கடைக்காரருக்கு ஒரு வேண்டுகோள்: பையை அவிழ்த்துக் கொட்டுங்கோ. உப்பும் புளியும் பட்ட பையை மான் முழுதாக விழுங்கும், அது வயிற்றில் இருந்து திரும்ப வராது.

மத்திய வீதிக் கடைக்காரர்:

உள்ளே விடாத கடை வெளியே கட்ட இடமாவது தரவேண்டாமா? கச்சான் என்கிற சூடான காற்று அடிக்கிற நாளில் மத்தியானத் தார் ரோட்டில் புறங்கையை 7 செக்கன் வைக்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது. வாகனத்துக்குள் பூட்டிவிட்டு வருவது அதைவிட மோசம், 10 நிமிடத்தில் உள்ளே 10 பாகை கூடும், ஜன்னலை இரண்டு அங்குலம் திறந்து வைத்தாலும் பெரிய வித்தியாசமில்லை. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் தடித்து, தள்ளாடினால் வயிறு, தொடை இடுக்கில் சாதாரணத் தண்ணீரை ஊற்றி விசிறுங்கோ. பக், புல்டோக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்கு இந்த வெப்பத் தாக்கு இன்னும் கெதியாக வரும்.

மெக்கானிக் தம்பி ஆராவது இருந்தால் சொல்லுங்கோ: சுவரில் இரண்டடி உயரத்தில் கொழுக்கி அடிக்க அரை அங்குல ஆங்கர் போல்ட் போதுமா? சைக்கிள் ஸ்டாண்டில் கட்டினால் பெரிய நாய் ஸ்டாண்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிடுகிறது.