பிபிஎஸ் (தற்காலிக வெள்ள நிவாரண மையம்) மண்டபத்தில் மனம் கலங்குவது: நீங்கள் பார்த்தது என்ன?

லாபிஸ் தோட்டத்தான்:
2023 மார்ச், மலேசியாவின் ஜொகூர் வெள்ளம், நாலாம் ராத்திரி. எழுபது தாண்டிய பாட்டி ரெண்டு மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, வாளி எங்கடா?" என்று ஒவ்வொரு பாயாகத் தேடினார். பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலை வேலையாட்களைக் கணக்கெடுப்பது. மூளை கலங்கிருச்சு என்று பேச்சு. மூன்று நாளாக அவர் குடித்தது நாளுக்கு ஒரு கோப்பை தேத்தண்ணி. கழிப்பறைக்கு ஆண்கள் படுத்திருக்கும் வரிசையைத் தாண்டிப் போகணுமே, அந்தக் கூச்சம்! வயதானவருக்குத் திடீர்க் குழப்பம் வந்தால் நீர்வற்றல், சிறுநீர்த் தொற்று, விட்டுப்போன மாத்திரை மூன்றையும் அன்றே கிளினிக்கில் பார்க்கணும். பாட்டிமார் கூடாரம் கழிப்பறைக் கதவோரம் இருக்கட்டும். ஆளுக்கு ஒரு டார்ச், 1.5 லிட்டர் போத்தல் கொடுங்க, எவ்வளவு குடித்தார் என்று கண்ணால் பார்க்கலாம்.

செகாமட் அக்கா:
தண்ணியோட முடிச்சிடாதீங்க தம்பி. விடிய விடிய விளக்கு எரிஞ்சா யார் தூங்குவா? 10 மணிக்கு மேல வாசலும் கழிப்பறை வழியும் தவிர மத்ததை அணைக்கணும். ஆறு வயசுப் பையன், மறுபடி பாயில மூத்திரம் போக ஆரம்பிச்சு, ஈரப் பாயைச் சுருட்டி மேடைக்குப் பின்னால ஒளிச்சு வச்சான். அம்மா எல்லார் முன்னாடியும் அடிச்சாங்க. பயந்த பிள்ளைக்கு இது வர்றதுதான். அடியில பிளாஸ்டிக் விரிச்சு, 11 மணிக்கு ஒருதடவை எழுப்பினா போதும்.

நிவாரணப் பணியாளர்:
ஆளுக்கு 3.5 சதுர மீட்டர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பது பேரிடர் நிவாரணத்துக்கான உலகத் தர நூலான ஸ்பியர் கையேட்டு அளவு. அந்த இடம் கிடைத்தாலும் காத்திருப்பு ஆளைத் தின்னும், அக்கா. பத்து பகாட்டில் அந்த வருஷம் தண்ணீர் வாரக்கணக்கில் வடியவில்லை; மலாயில் 'பஞ்ஜிர் தெர்மெனோங்' என்பார்கள், அசையாமல் தேங்கி நிற்கும் வெள்ளம். 'நாளைக்குப் போயிடலாம்' என்று யாரோ ஆறுதலுக்குச் சொல்ல, ஒருவர் ரெண்டு முறை மூட்டை கட்டி அவிழ்த்தார். மூன்றாம் முறை அவிழ்க்கவே இல்லை. மூட்டை மேலேயே உட்கார்ந்திருந்தார், சாப்பாட்டு வரிசைக்கும் வரவில்லை.

காலை 8, மாலை 6, ஒரே ஆள் தண்ணீர் மட்டத்தை அறிவிக்கட்டும், தமிழிலும். புதுசாக ஒன்றும் இல்லை என்றால் அதையும் சொல்லணும். வருகிற ஒவ்வொரு குழுவும் 'என்ன நடந்தது, சொல்லுங்க' என்று கிளறக் கூடாது. 2011 உலகச் சுகாதார நிறுவன மனநல முதலுதவி வழிகாட்டி சொல்வது: பார், கேள், உதவியோடு இணை. அவராகப் பேசினால் கேளுங்கள். பாய்க் கணக்கு, காய் நறுக்குவது என்று கையில் ஒரு வேலை கொடுங்கள். ஹீல் என்ற மனநல உதவித் தொலைபேசி எண் 15555, கழிப்பறைக் கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள், அங்கேதான் தனியாகப் படிப்பார்கள்.

லாபிஸ் தோட்டத்தான்:
ஐயா, மூட்டை மேல் உட்கார்ந்தவர் தினமும் சம்சு (மலிவுச் சாராயம்) குடிப்பவரா என்று விசாரித்தார்களா? குடி திடீரென நின்றால் முதலில் கை நடுக்கம், வியர்வை. ரெண்டு மூன்று நாளில் வலிப்பு, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். பேய் என்று திருநீறு பூசிப் படுக்க வைப்பார்கள். அது உயிருக்கே ஆபத்து, 999 கூப்பிடணும்.