இணையதளம் இடம் மாறும்போது தமிழ் ஏன் சிதைகிறது?

உவர்மலை வாசி:
"தரவுத்தள மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 குறிமுறை தமிழுக்குப் போதாது, நான்கு பைட் கொள்ளும் யூடிஎஃப்8எம்பி4 (எம்பி4) இருந்தால்தான் எழுத்துச் சிதையாது" என்று நிலாவெளியான் எழுதியிருப்பது தவறு. யூடிஎஃப்8இல் 'அ' மூன்று பைட், 'க' மூன்று பைட். மைஎஸ்க்யூஎல்லின் பழைய யூடிஎஃப்8 ஓர் எழுத்துக்கு மூன்று பைட் வரை கொள்ளும். பிறகு எது போதவில்லை?

நிலாவெளியான்:
கோயில் தளத்தைப் புதிய ஹோஸ்டிங்குக்கு மாற்றியபோது திருவிழாப் பக்கம் முழுவதும் கேள்விக்குறியாக வந்தது. எம்பி4 வைத்து மறுபடி ஏற்றினேன், சரியாகிவிட்டது. கண்ணால் கண்டதைத்தான் எழுதினேன்.

உவர்மலை வாசி:
உங்கள் அட்டவணை, ஐரோப்பிய எழுத்துகளுக்கான லத்தீன்1 குறிமுறையில் உருவாகியிருக்கும். மைஎஸ்க்யூஎல் 5.7 வரை அதுதான் இயல்பு, 8.0இல்தான் எம்பி4 இயல்பானது. மூன்று பைட் யூடிஎஃப்8 வைத்திருந்தாலும் சரியாகியிருக்கும்.

மூதூர்த் தம்பி:
அண்ணன்மாரே, எனக்குக் கேள்விக்குறி இல்லை. ஓர் எழுத்து இருந்த இடத்தில் மூன்று கிறுக்கல்கள் நிற்கின்றன.

உவர்மலை வாசி:
தம்பி, அது இரட்டை மாற்றம். லத்தீன்1 என்று பெயரிட்ட அட்டவணைக்குள் யூடிஎஃப்8 பைட்கள் கிடந்திருக்கின்றன. லத்தீன்1 என்றே சொல்லி மறுபடி டம்ப் (தரவின் நகல் கோப்பு) எடுங்கள், கோப்பில் அந்தப் பெயரை மட்டும் மாற்றி ஏற்றுங்கள். அட்டவணையை நேரே எம்பி4க்கு மாற்றும் கட்டளையைக் கொடுத்துவிடாதீர்கள். கிறுக்கல் அப்படியே உறைந்துவிடும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளிலும் சூடு வேறுவேறு. இங்கும் அப்படித்தான்: தரவுத்தளம், அட்டவணை, அதன் நெடுவரிசை, இணைப்பு என்று ஒவ்வொன்றுக்கும் குறிமுறை தனி. நான்கிலும் கைவைத்துப் பார்க்க வேண்டும்.

நிலாவெளியான்:
முந்திரிக் குறி, அதாவது 1/320 என்ற பழைய தமிழ்ப் பின்னக் குறி, 2019இல் யூனிகோட் 12இல் சேர்ந்தது. அது நான்கு பைட். முந்திரி தமிழில்லையா?

உவர்மலை வாசி:
உங்கள் திருவிழாப் பக்கத்தில் முந்திரிக் குறி எங்கே இருந்தது? சிதைந்தது 'அ'வும் 'க'வும். மூன்று பைட்.

தம்பலகாமத்தாள்:
அப்பாவின் பழைய தளம், யூனிகோடுக்கு முந்தைய பாமினி எழுத்துருவில் இருக்கிறது. இரண்டு முறை இடம் மாறியும் ஓர் எழுத்துக்கூடக் கெடவில்லை.

உவர்மலை வாசி:
அக்கா, பாமினியில் உள்ளே கிடப்பது ஆங்கில எழுத்து, கெடுவதற்கு அங்கே தமிழே இல்லை. அதில் 'திருகோணமலை' என்று தேடிப் பாருங்கள், ஒரு வரிகூட அகப்படாது.

தம்பலகாமத்தாள்:
பதினைந்து வருடம் அவர் தட்டியதைத் தமிழில்லை என்று சொல்ல நீங்கள் யார்?

நிலாவெளியான்:
இவர் அப்படித்தான். நூலகத் தளத்தை மாற்றிய அன்றே பழைய ஹோஸ்டிங்கை நிறுத்தி மூன்று நாள் மின்னஞ்சலைத் தொலைத்தவர். நான் மறக்கவில்லை.

உவர்மலை வாசி:
அது டிஎன்எஸ், தளப்பெயர் எந்தச் சேவையகத்துக்குப் போகிறது என்ற வேறு கதை. பேச்சை மாற்றாதீர்கள். தமிழ் மூன்று பைட்.

மூதூர்த் தம்பி:
என் டம்ப் 60 மெகாபைட். தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஎச்பிமைஅட்மினில் ஏற மறுக்கிறது. என்ன செய்வது?

நிலாவெளியான்:
1/16 ஆன மாகாணிக் குறியும் நான்கு பைட்தான்.