போஸ்ட் அனுப்பினோம், கெட்டாக வந்து நின்றது

ராக்கோழி:
பேமெண்ட் வெப்ஹுக் ஒன்று (பணத் தகவலை எதிர்த் தரப்பு தானாக அனுப்ப நாங்கள் கொடுத்த முகவரி). நான் கர்லில் (கமாண்ட் லைனிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பும் கருவி) அடித்தால் 200, அதாவது சரி; எதிர்த் தரப்பு அனுப்பினால் 405, அதாவது இந்த மெத்தட் இங்கே கூடாது. "நாங்கள் போஸ்ட்தான் அனுப்புகிறோம்" என்று அவர்கள் சத்தியம் செய்யாத குறை. என் ஆக்சஸ் லாகிலோ (சர்வருக்கு வந்த ரிக்வெஸ்ட்களின் பதிவு) கெட் என்றே இருக்கிறது. (போஸ்ட் தகவலை அனுப்பும் மெத்தட், கெட் கேட்டு வாங்கும் மெத்தட்.) ஒரு பகல் முழுக்க மெயிலில் சண்டை.

ராத்திரி லாகை மறுபடி திறந்தேன். அந்த கெட்டுக்கு மேல் வரியில், அதே நொடியில், ஒரு போஸ்ட், பக்கத்தில் 301, அதாவது 'வேறு முகவரிக்குப் போ' என்ற பதில். நாங்கள் கொடுத்த முகவரியில் எச்டிடிபிக்குப் பின்னால் வரவேண்டிய 'எஸ்' விட்டுப்போயிருக்கிறது! எங்கள் வெப் சர்வரான எஞ்சின்எக்ஸ் எச்டிடிபிஎஸ் பக்கம் திருப்பிவிட, அவர்கள் லைப்ரரி போஸ்ட்டை கெட்டாக்கி, பாடியையும் (உள்ளே இருந்த தகவலை) கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறது. பிரவுசர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். எச்டிடிபி விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 9110-ம் 301, 302 (தற்காலிகத் திருப்பல்) இரண்டிலும் இதை அனுமதிக்கிறது. மெத்தட் மாறாமல் போக 307 அல்லது 308 வேண்டும். ஆனாலும் நான் 308 போடவில்லை, முகவரியைத்தான் மாற்றச் சொன்னேன். பணத் தகவல் ஒருமுறைகூட வெறும் எச்டிடிபியில் வரக்கூடாது. (சண்டை மெயிலுக்கெல்லாம் சாரி கேட்டது தனிக்கதை.)

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. அதே 'எஸ்' இல்லாத முகவரி, கர்லில் மட்டும் எப்படி வேலை செய்தது?

அரைத்தூக்கம்:
உங்களுக்கு 405-ஆவது வந்தது, கொடுத்துவைத்தவர். எனக்கு ஜாங்கோ (பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்), புது வாடிக்கையாளரைச் சேர்க்கும் முகவரியில் கடைசி ஸ்லாஷ் விட்டுப்போனது. டீபக் (பிழை தேடும் நிலை) ஆனில் இருந்தால் ரன்டைம் எரர் போட்டுக் கத்தியிருக்கும். ப்ரொடக்‌ஷனில் சத்தமே இல்லாமல் 301. என் வியூ (ரிக்வெஸ்டுக்குப் பதில் தரும் ஃபங்ஷன்) கெட்டையும் ஏற்கும் என்பதால், இருக்கிற வாடிக்கையாளர் பட்டியலை 200-ஓடு திருப்பித் தந்தது. ஆப்பும் 200-ஐப் பார்த்துப் பச்சை டிக் காட்டியது. டேட்டாபேஸில் புது ஆள் இல்லை. கடைக்காரர் மூன்று தடவை சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் போன் செய்தார்.

சர்வர்சாமி:
என்னுடையது தலைகீழ். முன்பதிவை ரத்து செய்யும் லிங்க்கை கெட்டில் வைத்திருந்தேன். வாடிக்கையாளரின் மெயில் ஸ்கேனர் லிங்க்கை முன்கூட்டியே திறந்து பார்க்க, அவர் மெயிலைப் படிப்பதற்குள் முன்பதிவு காலி. 2005-இல், லிங்க்குகளை முன்கூட்டியே திறந்து எடுத்துவைக்கும் கூகுள் வெப் ஆக்ஸிலரேட்டர் வந்தபோதும் இதே கூத்துதான். இப்போது லிங்க் ஒரு பக்கத்தை மட்டும் திறக்கும், ரத்து பட்டன் போஸ்ட்.

@ராக்கோழி: கர்லில் எக்ஸ் ஆப்ஷன் போட்டு 'போஸ்ட்' என்று கையால் எழுதினீர்களா? எழுதினால், 301-ஐத் தாண்டியும் அதே மெத்தட்டைப் பிடித்துக்கொண்டு போகும். அதை எடுத்துவிட்டு டேட்டாவை மட்டும் கொடுங்கள், முதல் தடவை தானாகவே போஸ்ட் ஆகும். அப்புறம் பாருங்கள், உங்களுக்கும் 405 வரும்.