காலப்பயணக் கதையில் ஏட்டம்மா நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டால், அப்புறம் துப்பறிய என்ன இருக்கிறது?

தாண்டிக்குடி_காபி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கொடைக்கானல் பக்கத்தில் எங்கள் கீழ்மலையில் நடக்கிற மாதிரி ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன், நாற்பது பக்கம் வந்துவிட்டது, இப்போது நகர மாட்டேன் என்கிறது.

கதை இதுதான். 1944 பிப்ரவரியில் ஒரு காபித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை பள்ளத்தில் செத்துக் கிடக்கிறார். வழுக்கி விழுந்தார் என்று அப்போது முடித்துவிடுகிறார்கள். 1946-ல் திடீரென்று ஒரு சாட்சி வருகிறது: "தோட்டத்தில் காலை ஆறரை மணி அடித்த நேரம், கோவில் வளைவில் பொதிக்குதிரைக்காரரைப் பார்த்தேன், முப்பதடி தூரம்தான், முகம் தெளிவாகத் தெரிந்தது." கூடவே கணக்குப்பிள்ளை 1943 கடைசியில் எழுதியதாக ஒரு கடிதமும் கிடைக்கிறது, குதிரைக்காரர் தன்னை மிரட்டுவதாக. மதுரைக் கோர்ட்டில் தண்டனை ஆகி, குதிரைக்காரர் ஜெயிலிலேயே இறந்துபோகிறார். இன்றைக்கும் ஊரில் அந்த வீட்டுக்குக் கொலைகாரன் வீடு என்றுதான் பெயர்.

அவருடைய பேத்தி இப்போது திண்டுக்கல்லில் ஏட்டு. தாத்தாவின் குதிரை மணியை எப்போதும் கைப்பையில் வைத்திருப்பவள். சோலைக்குள் ஓர் இடத்தில் 1944-க்கு வழி திறக்கிறது, போகிறாள்.

இங்கேதான் சிக்கல். மூன்றாவது அத்தியாயத்தை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நேர்லயே போய்ப் பாத்துட்டு வந்துட்டா அப்புறம் என்னத்தைக் கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கேட்டது நியாயம்தான். பார்த்தால் கதை முடிகிறது, பார்க்காவிட்டால் காலப்பயணமே வேண்டாம். என்ன செய்வது?

சோலைக்குருவி எழுதியது:

தம்பி, உங்கள் அப்பா கேட்டது இந்த வகைக் கதை எழுதுகிற எல்லோருக்குமான கேள்வி. 1929-ல் ரொனால்டு நாக்ஸ் துப்பறியும் கதைக்குப் பத்து விதி எழுதினார், அதில் இரண்டாவதே இயற்கைக்கு மீறிய எதுவும் உள்ளே வரக்கூடாது என்பதுதான். காரணம் எளிது, எழுதுகிறவர் நினைத்தபோதெல்லாம் ஒரு மாயக்கதவு திறந்தால் வாசகருக்கு யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. அதனால் கதவை முதலிலேயே காட்டிவிடுங்கள், எத்தனை முறை திறக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று சொல்லிவிடுங்கள், பிறகு அந்தக் கணக்கை எங்கேயும் மீறாதீர்கள். எனக்குக் கேட்டால் ஒரே ஒரு முறை, அரை மணி நேரம் போதும்.

ஆனால் அதைவிட முக்கியமாக ஒன்று இருக்கிறது. போய்ப் பார்த்தவள் சாட்சிதான் ஆகிறாள், துப்பறிகிறவள் ஆவதில்லை. அதுவும் எந்தக் கோர்ட்டிலும் ஏற முடியாத சாட்சி. "நான் 1944-க்குப் போய்ப் பார்த்தேன்" என்று ஊர்க்கூட்டத்தில் சொன்னால் யார் நம்புவார்கள்? குற்றவாளி யார் என்று அவளுக்குத் தெரிந்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது. அன்றைக்கு இருந்து இன்றைக்கும் இருக்கிற, யார் வேண்டுமானாலும் சரிபார்க்கக்கூடிய ஒரு பொருளையோ கணக்கையோ அவள் தேடி எடுக்க வேண்டும். துப்பறிதல் அங்கே இருக்கிறது.

அப்புறம் நம் மலையையும் பயன்படுத்துங்கள். மேகம் இறங்கினால் பத்தடியில் நிற்கிற மாடு தெரியாது, அது புல்லைப் பறிக்கிற சத்தம் மட்டும் கேட்கும். அவள் போகிற அரை மணி நேரமும் அப்படியே இருக்கட்டும்.

வெள்ளகவி_பாதை எழுதியது:

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். தாத்தாவைக் காப்பாற்ற முடியாது என்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிட்டால் வாசகர் எதற்குப் பதற வேண்டும்? அவள் தடுக்க முயற்சி செய்யட்டும், பழையது மாறலாம் என்ற நம்பிக்கை கடைசி வரை இருக்கட்டும்.

சோலைக்குருவி எழுதியது:

முயற்சி செய்யட்டும், அதை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாறக் கூடாது. இகோர் நோவிகோவ் என்ற ருஷ்ய இயற்பியலாளர் சொன்ன கருத்து ஒன்று உண்டு, கடந்த காலத்துக்குப் போகிறவர் அங்கே எதைச் செய்தாலும் அது ஏற்கெனவே நடந்ததன் ஒரு பகுதியாகத்தான் இருக்கும் என்று. துப்பறியும் கதைக்கு அதுதான் பொருந்தும். மாறிக்கொண்டே இருக்கிற கடந்த காலத்தில் தடயம் எப்படி நிலைத்து நிற்கும்?

பழைய_பஞ்சாங்கம் எழுதியது:

தம்பி, உங்கள் கதைக்குள்ளேயே விடை இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த ஆறரை மணி!

உலகப் போர் நேரத்தில், 1942 செப்டம்பரிலிருந்து 1945 அக்டோபர் வரைக்கும், நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இப்போது நமக்கு கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி கூடுதல், அப்போது ஆறரை மணி. ஆக 1944-ல் தோட்டத்து மணி ஆறரை அடித்தபோது, இன்றைய கணக்கில் நேரம் காலை ஐந்தரை. பிப்ரவரி நடுவில் நம் மலையில் சூரியன் உதிக்க 6.40 ஆகிவிடும். ஐந்தரைக்குக் கும்மிருட்டு. முப்பதடியில் முகம் எப்படித் தெரியும்?

1944-ல் விசாரணை நடந்திருந்தால் இதைச் சின்னப் பையன்கூடக் கேட்டிருப்பான். ஆனால் உங்கள் வழக்கு 1946-ல் நடக்கிறது, கடிகாரம் பழையபடி திரும்பிவிட்டது, ஆறரை என்றால் எல்லோர் மனதிலும் வெளிச்சம்தான் வரும். யாரும் யோசிக்கவில்லை. உங்கள் ஏட்டம்மா கையில் இன்றைய நேரம் காட்டுகிற வாட்ச் கட்டிக்கொண்டு போகிறாள், அங்கே மணி ஆறரை அடிக்கும்போது அதில் ஐந்தரை. பயணம் அவளுக்குக் கொடுக்க வேண்டியது இந்த ஒரு மணி நேர வித்தியாசம் மட்டும்தான். திரும்பி வந்து அவள் அதைக் காகிதத்திலேயே நிரூபித்துவிடலாம். நிலா வெளிச்சம் இருந்தது என்று யாரும் வாதாட முடியாதபடி அமாவாசையை ஒட்டித் தேதி வையுங்கள், அந்த வருடத்துப் பஞ்சாங்கம் தேடினால் கிடைக்கும்.

நாயுடுபுரம்_அக்கா எழுதியது:

ஆறரை மணி விஷயத்தைப் படித்ததும் எனக்கு அந்தக் கடிதம் ஞாபகம் வந்தது. அதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்: "மேல்மலை முழுக்க நீலமாகக் கிடக்கிறது, பார்க்கக் கண் கொள்ளவில்லை." போதும். குறிஞ்சி பூத்தது 1934-ல், அதற்கப்புறம் 1946-ல். 1982, 1994, 2006, 2018 என்று எங்கள் வீட்டில் எல்லோரும் வயதைச் சொல்வதே அந்தக் கணக்கில்தான். ஒன்றிரண்டு செடி முன்பின் பூக்கும், அது உண்மை, ஆனால் மலை முழுக்க நீலம் என்று 1943-ல் யாரும் எழுதியிருக்க முடியாது. எழுதியவர் 1946-ல் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே எழுதியிருக்கிறார். மதுரையில் இருந்த நீதிபதிக்கு அது உறைத்திருக்காது.

இன்னொன்றும் யோசித்தேன். 1899-லிருந்து இயங்குகிற நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், 1900-களின் தொடக்கத்திலிருந்து சூரியனைப் படம் எடுத்த கண்ணாடித் தகடுகள் இருக்கின்றன. ஒரு நாளுக்குத் தகடு இருந்தால் அன்றைக்கு அங்கே வானம் திறந்திருந்தது என்று அர்த்தம். ஆனால் உங்கள் கதைக்கு இது உதவாது தம்பி, கொடைக்கானலில் வெயில் அடிக்கிற நேரம் தாண்டிக்குடியில் மேகம் நிற்கும், நீங்களே பார்த்திருப்பீர்கள். வேறு கதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தாண்டிக்குடி_காபி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பஞ்சாங்கம் ஐயா சொன்னதைப் படித்துவிட்டு இரவு தூக்கமே வரவில்லை. இதுவும் பிப்ரவரிதானே என்று இன்று அதிகாலையில் அப்பாவையும் எழுப்பிக் கூட்டிக்கொண்டு கோவில் வளைவுக்கே போய்விட்டேன். ஐந்தரைக்கு அவரை முப்பதடி தள்ளி நிற்கச் சொன்னேன். ஒன்றுமே தெரியவில்லை. ரோடு எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூடத் தெரியவில்லை, ஈரக் காபி இலை வாசனை மட்டும் வந்தது. வேட்டியின் வெள்ளைகூடக் கண்ணில் படவில்லை.

அப்புறம் அப்பா இருமினார். அந்த நொடியில் அவர் முகமே எனக்குத் தெரிந்த மாதிரி ஆகிவிட்டது, தோளில் துண்டு கிடப்பது உட்பட. உண்மையில் நான் எதையும் பார்க்கவில்லை.

அந்தச் சாட்சியைப் பொய்க்காரனாகத்தான் இத்தனை நாள் எழுதிக்கொண்டிருந்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. கடிதம் எழுதியவன் பொய்யன், அது சரி. ஆனால் சாட்சி அன்றைக்கு ஏதோ சத்தத்தைக் கேட்டிருக்கிறான், இரண்டு வருடம் கழித்து அதையே முகமாக நினைவில் வைத்திருக்கிறான். என்ன சத்தம் என்றுதான் திரும்பி வருகிற வழியெல்லாம் யோசித்தேன். வீட்டுக்கு வந்து முதல் அத்தியாயத்தைப் புரட்டினால், சும்மா ஓர் அடையாளத்துக்காக நானே எழுதி வைத்திருக்கிறேன், ஏட்டம்மாவின் கைப்பையில் தாத்தாவின் குதிரை மணி. அதோடுதான் அவளை அந்த இருட்டுக்குள் அனுப்பியிருக்கிறேன்.